வால் குழாயில் ஏழு கிலோ

எனக்குத் தோராயம் என்ற சொல்லே ஆகாது சார். கடையில் சர்க்கரை வாங்கினாலும் தராசு முள் நடுவில் நிற்கும்வரை பையை நீட்ட மாட்டேன். என் மனைவி ரத்தினம்மா இந்த வெட்கக்கேட்டுக்குப் பயந்தே என்னோடு கடைத்தெருவுக்கு வருவதில்லை. நீங்கள் கேட்டதை முதலிலிருந்தே சொல்கிறேன். நடுவில் அவசரப்படுத்தாதீர்கள்.

என் பெயர் மரியகுழந்தை. மைசூர் மைன்ஸ் தங்கச் சுரங்கத்தில் கயிறு சோதிக்கிற கொட்டகையில் இருபத்தெட்டு வருஷ வேலை. ஆட்கள் போய்வருகிற கூண்டை, கேஜ் என்போம், ஏற்றி இறக்குகிற இரும்புக் கயிற்றின் நுனியிலிருந்து ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒரு துண்டை வெட்டி எங்களுக்கு அனுப்புவார்கள். அதை இயந்திரத்தில் மாட்டி, அறுகிறவரைக்கும் இழுப்போம். எத்தனை டன்னில் அறுந்தது என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது நான். அந்தக் கையெழுத்தை நம்பித்தான் ஒவ்வொரு ஷிப்டிலும் ஆட்கள் ஷாப்டில் இறங்கினார்கள். புதிதாக வரும் ஆபீசர்கள், அறுக்காமலே கண்டுபிடிக்க முடியாதா என்று கேட்பார்கள். முடியாது சார். தடவிப் பார்த்துச் சொல்கிறவன் ஊரை ஏய்க்கிறான்.

ஹரோல்ட் அதே ஷாப்டில் வைண்டிங் இன்ஜின் டிரைவர். நான் சோதித்த கயிற்றில் கேஜை ஓட்டியவன். கேஜில் தளும்பத் தளும்ப டீயை வைத்து அனுப்பினாலும் சொட்டுச் சிந்தாமல் இறக்குவான் என்று எங்கள் குடியிருப்பு ஸ்கெலட்டன் லைன் முழுக்கப் பேசுவார்கள். பாதியில் வேலையை விட்டுவிட்டு, பெங்களூர் போய் சின்ன விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டு வந்தான். நாற்பத்தெட்டு வயதில் யாருக்கு அந்த ஆசை வரும்? எனக்குச் சிநேகிதன் என்று சொல்லிக்கொள்ள இருந்தது அவன் ஒருவன்தான்.

இரண்டாயிரத்தில் கிரானைட் வியாபாரி மஞ்சுநாத், பாலகாட் தாண்டி ஒரு பொட்டல் வெளியைச் சமன்படுத்திப் பறக்கச் சொல்லிக்கொடுக்கும் பள்ளி ஆரம்பித்தார். ஒரே ஒரு விமானம். இரண்டு இருக்கை, துணி இறக்கை, பின்னால் வால் வரைக்கும் நீண்ட அலுமினியக் குழாய். ஹரோல்ட்தான் வாத்தியார். மாணவர்கள் செய்கிற தப்பையெல்லாம் முதலில் தரையிலேயே செய்து பழகட்டும் என்று மஞ்சுநாத் ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். அதில் ஒரு பறக்கும் விளையாட்டு. எண்களை ஊட்டினால் நமக்கு வேண்டிய விமானத்தை அதற்குள் நாமே உண்டாக்கலாம். அந்த எண்களைப் பிடித்துத் தரும் வேலைக்கு ஹரோல்ட் என்னைச் சிபாரிசு செய்தான். அளவுப் பைத்தியம் ஒருத்தன் இருக்கிறான் என்று சொன்னானாம்.

நாற்காலி, பிடி, காலால் மிதிக்கிற பெடல் எல்லாம் நானே செய்தேன். நிஜ விமானத்தின் பிடியில் ஒரு வில் தராசைக் கட்டிவிட்டேன். ஹரோல்டின் சட்டைக்குள் ஒரு சின்ன டேப் ரிக்கார்டர். மேலே போய் வேகம் எவ்வளவு, தராசு எவ்வளவு என்று அவன் சொல்லச் சொல்ல டேப்பில் ஏறும். சாயங்காலம் அதைக் கேட்டு எண்களைத் திருத்துவேன். நான்கு மாதத்தில் ஏறுவது, திரும்புவது, இறங்குவது எல்லாம் அச்சு அசலாக வந்துவிட்டது. ஓர் இடம் மட்டும் வரவில்லை. வேகம் குறைந்து குறைந்து, இனிமேல் தாங்காது என்று விமானம் விழுகிற அந்த விளிம்பு. அங்கே நான் போட்டிருந்ததெல்லாம் உத்தேசம்.

ஹரோல்ட் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"இன்னா கொழந்த இது, பொம்மையாட்டம் கீது. எவ்ளோ இழுத்தாலும் வுழ மாட்டேங்குது."

"நெசத்துல எப்போ வுழும்?"

"வுழுந்தவன் வந்து சொன்னானா இன்னா?"

சுற்றி நின்ற பிள்ளைகள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். ஆனால் சார், அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

அவனிடம் கேட்காமல் இல்லை. வாலில் கொஞ்சம் கொஞ்சமாகக் கனம் ஏற்றி, மூக்கு இறங்காமல் போகிற இடம் வரை போய்ப் பார்க்கலாமா என்று முறையாகவே கேட்டேன். மூக்கு இறங்கினால்தான் விமானம் வேகம் பிடித்து மீளும். "உனுக்கு இன்னா, புத்தி கெட்டுப் போச்சா? சில்வியாவுக்கு யாரு பதில் சொல்றது?" என்றான். சில்வியா அவன் மனைவி. அவன் பயந்ததில் நியாயம் இருந்தது. அதனால் நான் திரும்பக் கேட்கவில்லை.

இழுக்கும்போது நழுவாமலிருக்க, கயிற்று நுனியைப் பிடிகூட்டில் வைத்து ஒயிட் மெட்டல் என்கிற ஈயக் கலவையை உருக்கி ஊற்றுவது எங்கள் வழக்கம். மிச்சம் என்னிடம் நிறைய இருந்தது. அரைக் கிலோ கட்டிகளாக வார்த்தேன். வால் குழாயின் கடைசியில் ஒரு ரப்பர் மூடி உண்டு. ஆகஸ்ட் பத்தொன்பது, சனிக்கிழமை காலை, முதல் கட்டியைத் துணியில் சுற்றி உள்ளே தள்ளி மூடினேன். அதன் பிறகு சனிக்கிழமைக்கு ஒன்று. ஹரோல்டுக்குச் சொல்லவில்லை. தெரிந்தால் அவன் கை முன்கூட்டியே சமாளித்துக்கொள்ளும். பிறகு எனக்குக் கிடைப்பது அவன் கையின் அளவாக இருக்கும், விமானத்தின் அளவாக இருக்காது. கனம் ஏறிய பிறகு மாணவர்களை ஏற்ற வேண்டாம், அளவெடுத்து முடியட்டும் என்று மஞ்சுநாத்திடம் சொல்லிவிட்டேன். அந்த ஜாக்கிரதையை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

மூன்று வாரம் அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆறாவது கட்டியில், மூக்கு தானாகத் தூக்குகிறது என்றான். கம்பிகளை இழுத்துப் பார்த்தான், இன்ஜினை அவிழ்த்து மாட்டினான். குழாய்க்குள் பார்க்கத் தோன்றவில்லை. எட்டாவது வாரம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "கை போச்சிடா கொழந்த" என்றான். பிராந்தியை நிறுத்தினான். கண் டாக்டரிடம் போய் வந்தான். சில்வியா ஒருநாள் என்னை வழியில் மறித்து அழுதாள். "அண்ணே, உங்க பேச்சுன்னா கேப்பாரு. பறக்கறத வுட்டுடச் சொல்லுங்க. வயசாயிடுச்சின்னு அவரே பயப்படறாரு."

"அவன் கையில ஒரு கொறயும் இல்லம்மா," என்று சொன்னேன். அது உண்மைதான்.

வாரா வாரம் கிடைத்த அளவைத் திங்கட்கிழமை கம்ப்யூட்டரில் ஊட்டுவேன். ஒன்பதாவது வாரம் ஹரோல்ட் நாற்காலியில் உட்கார்ந்து, மூக்கைத் தூக்கி, வேகத்தைக் குறைத்து, வெகுநேரம் ஓட்டினான். பிறகு எழுந்து என் முதுகில் தட்டினான். "இப்பதான்டா நெசமா கீது. கையில அப்டியே தெரியுது." எனக்குக் கண் கலங்கிவிட்டது. இருபத்தெட்டு வருஷம் கையெழுத்துப் போட்டேன், ஒருத்தர் அப்படிச் சொன்னதில்லை.

அதற்குப் பிறகு அவன் தினமும் வந்து அந்த நாற்காலியில் பழகினான். போன கையைத் திரும்பப் பிடிக்க வேண்டும் என்ற வெறி. எங்கே முன்கூட்டித் தள்ள வேண்டும், எங்கே இன்ஜினைக் குறைக்க வேண்டும் என்று படித்துக்கொண்டான். வேறு யாராக இருந்தாலும் பதினோராவது கட்டியிலேயே முடிந்திருக்கும். அதையும், மேலே இரண்டு கட்டியையும் தாங்கியது அவனுடைய திறமை. அதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்லுவேன்.

பதினான்காவதை நவம்பர் பதினெட்டாம் தேதி காலை வைத்தேன். டேப் இதோ இருக்கிறது. நீங்களே கேட்கலாம். வேகம் அறுபது, என்கிறான். அம்பத்தஞ்சு, முன்னாடி தள்றேன், நாலு கிலோ. அம்பது, முழுசாத் தள்ளிட்டேன். கொழந்த, மூக்கு எறங்கல. நாப்பத்தாறு. அவ்வளவுதான் அளவு. பிறகு சில்வியாவின் பெயரை இரண்டு முறை சொல்கிறான். அது அளவு இல்லை, அதனால் எழுதிக்கொள்ளவில்லை.

முதலில் போய்ச் சேர்ந்தது நான். டேப்பை எடுத்தேன். வால் ஒடிந்து கட்டிகள் சிதறிக் கிடந்தன. பொறுக்கினேன், பதிமூன்று கிடைத்தது. அதன் பிறகு அவனுடைய பெல்ட்டை அவிழ்த்தேன். அப்போது மூச்சு இருந்தது. மற்றவர்கள் ஓடி வந்து ஜீப்பில் ஏற்றும்போது இல்லை. மீதி ஒரு கட்டி அங்கே லண்டானாப் புதருக்குள் எங்கேயோ இருக்க வேண்டும். ஆள் அனுப்பித் தேடுங்கள்.

திங்கட்கிழமை அந்த எண்ணைப் போட்டேன். இப்போது அந்தக் கனத்தில் நாற்பத்தாறுக்கு வந்தால் நாற்காலியில் இருப்பவன் யாராக இருந்தாலும் விழுகிறான். எத்தனை முறை ஓட்டினாலும் விழுகிறான். இனி அதில் உத்தேசம் என்று ஓர் இடம் கிடையாது. பேர் கொடுத்த பதினொரு பிள்ளைகளும் திரும்ப வரவில்லை. மஞ்சுநாத் பள்ளியை மூடிவிட்டார். நான் மட்டும் சாவி வாங்கிக்கொண்டு போய் வருகிறேன்.

யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை சார், ஸ்டேஷனுக்கு நானாகத்தான் வந்திருக்கிறேன். போன வாரம் சில்வியா வீட்டுக்குப் போனேன். விசாரிக்க வந்த அதிகாரி எழுதின அறிக்கையைக் காட்டினாள். வயதான விமானியின் கைப்பிசகு என்று போட்டிருக்கிறது. அவள் அதை நம்பிவிட்டாள். கைப்பிசகு என்றால் என்னுடைய நாற்பத்தாறுக்கு என்ன அர்த்தம்? பதினான்கு வாரம் எடுத்த அளவு முழுக்கக் குப்பைக்குப் போகும்.

கயிற்றில் வெட்டின துண்டு மாதிரி அவனை அறுகிறவரை இழுத்தது நான்தான். கட்டிகளை வைத்தது நான், தெரிந்தே வைத்தேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டும், சொல்லுங்கள். ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்த அறிக்கையில் கைப்பிசகு என்பதை அடித்துவிட்டு, வாலில் ஏழு கிலோ, வேகம் நாற்பத்தாறு என்று மாற்றி எழுதச் சொல்லுங்கள். எனக்காகக் கேட்கவில்லை சார். ஹரோல்ட் என் சிநேகிதன். செத்தவன் பேருக்கு ஒருத்தர் களங்கம் கற்பிக்க நான் விடமாட்டேன்.