வெறும் வயிற்றில் பச்சை ஜூஸ்

—அந்த மிக்சிய நிறுத்து, காசில்தா. உங்கிட்ட பேசணும்.

—ஐயோ, ஒத்தீலியாவா! வா கொமாத்ரே, எம் ஞானமகளப் பெத்தவளே. நேத்துதானே உம் புருஷன் எவாரிஸ்தோவுக்கு ஒன்பதாம் நாள் ஜெபமாலை முடிச்சு, தரையில போட்ட சுண்ணாம்புச் சிலுவைய எடுத்தோம். அதுக்குள்ள மார்க்கெட்டுக்கு வந்துட்டியே. ஏதாவது சாப்பிட்டியா? ஒரு கோப்பை ஊத்தட்டா?

—அதப் பத்திதான் கேக்க வந்தேன். அதுல என்னெல்லாம் போடுற?

—இது என்ன புதுக் கேள்வி? பூவெப்லா ஊருக்கே தெரியும். சப்பாத்திக்கள்ளி, செலரி, அன்னாசி, பம்பளிமாஸ். காலங்காத்தால வெறும் வயித்துல குடிச்சா சர்க்கரை இறங்கும், கொழுப்பு கரையும், பிரஷர் இறங்கும்...

—பிரஷர் இறங்கித்தான் எவாரிஸ்தோ செத்தாரு.

—என்னடி பேச்சு இது?

—ஆஸ்பத்திரில அந்தச் சின்ன டாக்டரம்மா, காலையில என்ன குடிப்பாருன்னு கேட்டா. நானும் பெருமையா சொன்னேன். அவ முகமே மாறிப்போச்சு. பம்பளிமாஸ் சாறு அவரு போடுற பிரஷர் மாத்திரைக்கு ஆகவே ஆகாதாம். மருந்து உடம்ப விட்டுப் போகாம தங்கிடுமாம். ஒண்ணு போட்டா நாலு போட்ட மாதிரியாம்.

—டாக்டருங்களுக்கு என்ன, தன் தலை தப்பிக்க எவ தலையாவது வேணும். இளிச்சவாய் ஜூஸ்காரி கெடைச்சா விடுவாங்களா?

—மாத்திரைய தண்ணியில முழுங்காத, இந்த ஜூஸ்ல முழுங்கு, அப்பதான் ரத்தத்துல சுருக்கா ஏறும்னு சொன்னது யாரு?

—நான்தான் சொன்னேன். கேட்டுக்கோ, வர்றவங்க போறவங்க எல்லாருக்கும் அதத்தான் சொல்றேன். ஒருத்தருக்கு ஒரு வயித்துவலி உண்டா?

—அவரு வேணாம்னுதான் சொன்னாரு. குடிச்சா தலை சுத்துதுடின்னாரு. நான்தான் வெரட்டி வெரட்டி அனுப்புனேன், காசில்தா கை ராசியான கை, போய் குடிச்சுட்டு வாய்யான்னு. எனக்குத் தூக்கமே இல்ல. அவர நான்தான் கொன்னேனா, இல்லையா? அது மட்டும் தெரிஞ்சா போதும்.

—பைத்தியக்காரி, அழாத. உம் மகளுக்கு ஞானஸ்நானம் குடுக்கறப்ப கையில ஏந்தி நின்னவடி நான். உனக்குப் பொய் சொல்வேனா? எம் புருஷனப் பாரு. அதோ ஆரஞ்சு மூட்டை இறக்கிட்டிருக்காரே, அவருக்கும் பிரஷர்தான். தினமும் முதல் கோப்பை அவருக்குத்தான். காளை மாதிரி இருக்காரா இல்லையா?

—அவருக்கும் அதே மாத்திரையா? இது எவாரிஸ்தோவோட அட்டை, பாத்துச் சொல்லு.

—இதேதான்! இதே மஞ்சள் அட்டை. கண்டியா, ஜூஸ்ல ஒண்ணும் இல்ல. ஏங்க மெலித்தோன்! இங்க வாங்க!

—என்ன காசில்தா? மூட்டை பாதியில கெடக்கு... அட, கொமாத்ரே. வாங்க.

—மூட்டை கெடக்கட்டும். இன்னிக்கு மாத்திரை போட்டீங்களா?

—அது வந்து... இன்னும் இல்ல. அப்பறம் போட்டுக்கறேன்.

—இப்பவே போடுங்க, இவ கண்ணு முன்னாடி. இந்தாங்க கோப்பை. ஒரே மடக்குல குடிங்க. பாத்துட்டு இவ நிம்மதியா வீட்டுக்குப் போகட்டும்.

—வேணாம்.

—ஏன் வேணாம்?

—அது வந்து... வயிறு சரியில்ல.

—நல்ல நேரம் பாத்தீங்க வயிறு சரியில்லன்னு சொல்ல! பக்கத்துக் கடைக்காரங்கல்லாம் வேடிக்கை பாக்குறாங்க. என் கடைப் பேரு சந்தி சிரிக்குது. குடிங்கய்யா!

—கொம்பாத்ரே, எம் மகளுக்கு ஞானத்தகப்பன் நீங்க, என் முகத்தப் பாருங்க. கோப்பைய ஏன் தள்ளி வெக்கறீங்க?

—நான் இதக் குடிக்கறதில்ல, கொமாத்ரே. மருந்து குடுக்கற எடத்துல போன வருஷமே சொல்லிட்டாங்க, பம்பளிமாஸ் தொடக்கூடாதுன்னு. கடைக்காரனே குடிக்கலன்னா வேற எவன் குடிப்பான்? இவ அந்தப் பக்கம் திரும்புனதும் சாக்கடையில கவுத்துடுவேன்.

—எங்கிட்டகூடவா சொல்லல? பாவி மனுஷா, எத்தன பேருக்கு ஊத்திக் குடுத்திருக்கேன்!

—நீ சும்மா இரு, காசில்தா. கொம்பாத்ரே, எவாரிஸ்தோவுக்கும் இதே மாத்திரைன்னு உங்களுக்குத் தெரியாதுதானே? தெரியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க.

—மருந்து வாங்கப் போன அன்னிக்கு அவருக்கு முழங்கால் வலி, வரிசையில நிக்க முடியல. ரெண்டு பேருக்கும் சேத்து நான்தான் உள்ள போய் வாங்கிட்டு வந்தேன். வெளிய பெஞ்சுல உக்காந்திருந்தாரு. ஏதாவது பத்தியம் உண்டாடான்னு எங்கிட்டதான் கேட்டாரு. ஒண்ணும் இல்லன்னுட்டேன்.