மறுக்கிறேன் என்று அழுத்தியவளின் இரண்டாவது வாக்குமூலம்

என் பெயரும் தகப்பனார் பெயரும் விலாசமும் சென்ற மாதம் பதினோராம் தேதி நான் கொடுத்த முதல் வாக்குமூலத்தில் உள்ளபடியே. வயது நாற்பத்து மூன்று. திருமணம் ஆகவில்லை. தொழில் என்ற இடத்தில் அன்று மின்விசிறித் தொழிற்சாலையில் சத்தம் சோதிப்பவர் என்று சொன்னேன். அப்போதே அந்த வேலை என் கையை விட்டுப் போயிருந்தது. பதினெட்டு வருடப் பழக்கத்தில் வாய் தானாகச் சொல்லிவிட்டது. இப்போது அதே தொழிற்சாலையில் அட்டைப்பெட்டி ஒட்டும் பிரிவில் இருக்கிறேன் என்று திருத்திக்கொள்கிறேன்.

அதே வாக்குமூலத்தில் ஒரு பொய்யும் இருக்கிறது. அது வாய் தவறி வந்ததல்ல, தெரிந்தே சொன்னது. அதைத் திருத்தவே இன்று யாரும் அழைக்காமல் நானாக இந்தக் காவல் நிலையத்துக்கு வந்திருக்கிறேன்.

எங்கள் தொழிற்சாலையில் வேலை முடிந்த விசிறிகள் கடைசியாக ஒரு கண்ணாடி அறைக்கு வரும். அங்கே ஒரு மேசை, ஒரு நாற்காலி, கணக்கெழுத ஒரு டேப்லெட். விசிறியை ஓடவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு கேட்க வேண்டும். பேரிங்கில் மணல் போல ஒரு துகள் இருந்தாலும் சத்தத்தில் தெரிந்துவிடும். அதன் பிறகு வேகப் பட்டன்களையும் கடைசியாக அணைக்கும் பட்டனையும் அழுத்திப் பார்த்து, எல்லாம் சரியாக இருந்தால் முத்திரை வைக்க வேண்டும். அணைக்கும் பட்டன் அணைக்காவிட்டால் அந்த விசிறி எத்தனை அழகாக இருந்தாலும் வெளியே போகாது. அங்கே எனக்குப் பட்டப்பெயர் பாம்புக்காது. என் சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் வாசல் காவலாளிக்கே தெரியாது.

எனக்கு ஒரே தம்பி, என்னைவிடப் பதினான்கு வயது இளையவன். அப்பா போனபோது அவனுக்கு நாலு வயது. அம்மா வேலைக்குப் போனதால் அவனை வளர்த்தது நான்தான். அவன் மதிப்பெண் அட்டையில் பெற்றோர் கையெழுத்தையும் நானே போடுவேன். அதைப் பார்த்துப் பார்த்தே அவன் கையெழுத்துப் போடப் பழகினான். கடைசி எழுத்திலிருந்து கீழே இறங்கிச் சுழியும் வால் இருவருக்கும் ஒன்றுதான். அவன் இணையதளங்கள் செய்து கொடுக்கும் ஒரு நிறுவனத்தில் வேலை செய்கிறான். அவன் முதன்முதலில் வீட்டில் வைத்திருந்த கம்ப்யூட்டரின் விசிறி கெடப் போகிறது என்று அடுத்த அறையிலிருந்து சத்தத்தை வைத்துச் சொன்னவள் நான். அந்தக் கதையை வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் சொல்லிப் பெருமைப்படுவான்.

சென்ற வருடம் நான் புதுப் போன் வாங்கியபோது அவன் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அதைச் சரிசெய்து கொடுத்தான். அப்போது அவன் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

"அக்கா, எந்த சைட்டுக்குப் போனாலும் இப்படி ஒரு பெட்டி வரும். பெருசா கலரா இருக்கறத அவசரப்பட்டு அழுத்திடாத. ஓரத்துல பொடி எழுத்துல 'மறுக்கிறேன்'னு இருக்கும், அதத் தேடி அழுத்து."

ஏன் என்று கேட்டேன். ஏற்கிறேன் என்றால் அந்தத் தளம் நம் போனுக்குள் குக்கீ என்ற சின்னக் கோப்புகளைப் போட்டுவிடும் என்றும், சலவைக்குப் போடும் துணியில் குறி வைப்பது மாதிரி அது நம்மேல் ஒரு குறி என்றும், அதன் பிறகு நாம் எங்கே போனாலும் என்ன தேடினாலும் குறி வைத்தவனுக்கும் அவனோடு கூட்டு வைத்த விளம்பரக்காரர்களுக்கும் தெரிந்துவிடும் என்றும் சொன்னான். அன்று முதல் எந்தத் தளத்திலும் நான் வேறு பட்டனை அழுத்தியதில்லை. அவன் சொன்னதால் அழுத்தவில்லை.

இந்த வருடத் தொடக்கத்தில் என் இடது காதில் இரைச்சல் ஆரம்பித்தது. வலது காது நன்றாகவே இருந்தது. வலது காதை விசிறியின் பக்கம் திருப்பி உட்கார்ந்து வேலையைப் பார்த்தேன். அந்த நாட்களில் நான் முத்திரை வைத்த விசிறிகளில் ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. ஆனாலும் மேலிடத்தில் சொல்லாமல் மறைத்தேன் என்பது உண்மை, அதை ஒப்புக்கொள்கிறேன். வாரண்டி அட்டை வைக்கும் தோழியிடம் மட்டும் சொன்னேன். பதினோரு வருடமாக இருவரும் ஒரே மேசையில் சாப்பிடுகிறவர்கள்.

அதன் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் என் போனில் ஒரு செவித்திறன் மையத்தின் தளத்துக்குப் போனேன். பெட்டி வந்தது. மறுக்கிறேன் என்பதைத் தேடி அழுத்தினேன், பெட்டி மூடிக்கொண்டது. வயது என்ன, எந்தக் காது, எத்தனை நாளாக என்றெல்லாம் கேட்டார்கள். ஒளிக்காமல் பதில் கொடுத்தேன். அதன் பிறகு ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஆறு ஒலிகளைக் கேட்கச் சொன்னது. நாலாவது ஒலி இடது காதில் வரவில்லை. போனில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்து ஹெட்போனைத் திருப்பி மாட்டிப் பார்த்தேன். வலது காதில் தெளிவாக வந்தது. போனைக் குப்புற வைத்துவிட்டுப் போய்த் துணி மடித்தேன். ஏற்கெனவே மடித்து வைத்திருந்த துணியைத்தான் பிரித்து மறுபடி மடித்தேன்.

மறுநாளிலிருந்து என் போனில் காது மெஷின் விளம்பரங்கள் வரத் தொடங்கின. தற்செயல் என்று நினைத்தேன். அந்தப் புதன்கிழமை, காரணம் சொல்லாமல் என்னைத் தொழிற்சாலை டாக்டரிடம் அனுப்பினார்கள். வெள்ளிக்கிழமை பெட்டி ஒட்டும் பிரிவுக்கு மாற்றினார்கள். யாரோ சொல்லாமல் இது தெரிந்திருக்காது என்று நினைத்தேன். தெரிந்தவள் ஒருத்திதான். நூறு பேர் இருந்த சாப்பாட்டு அறையில், உன் வாய்க்குப் பூட்டே கிடையாதா என்று தோழியைக் கேட்டேன். இன்னும் மோசமாகவும் பேசினேன், அவற்றை எழுத வேண்டாம் என்று அதிகாரியைக் கேட்டுக்கொண்டேன்.

"நான் யார்கிட்டயும் மூச்சு விடல. நீயா இப்படிப் பேசற?" என்று மட்டும் அவள் சொன்னாள். டப்பாவை மூடி எடுத்துக்கொண்டு வேறு மேசைக்குப் போனாள்.

மூன்று வாரம் கழித்து, என் இடத்துக்கு வந்த புதுப் பெண் என்னைக் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டாள். அந்த டேப்லெட்டில் என் சொந்த மின்னஞ்சல் கணக்குதான் இருந்தது. தொழிற்சாலைக் கணக்கு இதோ வருகிறது, அதோ வருகிறது என்று சொல்லி, அதுவரை உன்னுடையதைப் போடு என்று சூப்பர்வைசர்தான் போடச் சொன்னார். என் போனிலும் அதே கணக்கு. புதுப் பெண் திரையைக் காட்டினாள். "இடது காதில் இரைச்சலா? பாதியில் விட்ட பரிசோதனையை முடியுங்கள்" என்று மையத்தின் பெயரோடு விளம்பரம் நின்றது. சூப்பர்வைசரிடம் போய்க் கேட்டேன்.

"நானும் அதத்தாம்மா பார்த்தேன். பேரிங் நம்பர் தேடலாம்னு எடுத்தேன், அது வந்து நின்னுச்சு. உங்க கணக்குல வேற யாருக்கு வரும்? மறைக்கறீங்கன்னு புரிஞ்சுபோச்சு" என்றார்.

அன்றே தோழியிடம் மன்னிப்புக் கேட்டேன். பரவாயில்லை என்றாள். இன்னும் அந்த வேறு மேசையில்தான் சாப்பிடுகிறாள்.

அதன் பிறகு வந்த சனிக்கிழமை தம்பி வீட்டுக்குப் போனேன். நான் மறுத்துவிட்டேனே, எப்படிப் பின்னால் வந்தார்கள் என்று கேட்கத்தான் போனேன். அவன்தான் எனக்கு நியாயம் சொல்லப் போகிறவன் என்று நினைத்தேன். மையத்தின் பெயரைச் சொன்னதும் அவன் முகம் செத்துப்போனது. லேப்டாப்பில் ஒரு எழுத்தைத்தான் தட்டினான், விலாசம் முழுவதும் தானாக வந்து நின்றது. அடிக்கடி போகிற தளத்துக்குத்தான் அப்படி வரும் என்று அவனே முன்பு எனக்குச் சொல்லியிருக்கிறான். பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் அவன் நிறுவனத்தின் பெயர் இருந்தது.

உள்ளே விழும் குக்கீகளின் பட்டியலைக் காட்டச் சொன்னேன். இருபத்து மூன்று இருந்தன. மறுக்கிறேன் என்பதை நானே அழுத்தினேன். பெட்டி மூடியது. மறுபடி எண்ணினேன், இருபத்து மூன்று.

"அந்தப் பட்டனுக்குப் பின்னாடி ஒண்ணுமே இல்லக்கா. அழுத்தினா பெட்டி மூடும், அவ்வளவுதான்" என்றான்.

செய்தது யார் என்று கேட்டேன். நான்தான் என்றான். முதலில் ஒழுங்காகத்தான் செய்ததாகவும், மறுக்கிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள் என்று மையத்துக்காரர்கள் முறையிட்டதாகவும், பட்டன் இருந்த இடத்திலேயே இருக்கட்டும், வேலை மட்டும் செய்ய வேண்டாம் என்று மேனேஜர் சொன்னதாகவும், பத்து நிமிட வேலை என்றும் சொன்னான். எப்போது என்று கேட்டேன். என் மேசையில் உட்கார்ந்து எனக்குப் பாடம் சொன்னதற்கு ஒரு மாதம் முன்பு.

"நீ அங்க போவேன்னு எனக்கு என்னக்கா தெரியும்?" என்றான்.

அதற்கான பதிலை இப்போது சொல்கிறேன். நான் போகாவிட்டாலும் யாரோ ஒருவருடைய அக்கா போயிருப்பாள்.

மறுநாள் காலை அவன் என் போனுக்கு ஒரு செய்தி அனுப்பினான். "அக்கா, பட்டன சரி பண்ணிட்டேன். இனி யாருக்கும் உனக்கு ஆன மாதிரி ஆகாது. என்ன மன்னிச்சிடு" என்று இருந்தது. படித்துவிட்டு அழுதேன். என்ன இருந்தாலும் நான் வளர்த்த பிள்ளை என்று நினைத்தேன்.

மையத்தின் மீதும் நிறுவனத்தின் மீதும் புகார் கொடுப்பதில் நான் உறுதியாக இருந்தேன். அம்மா அவனோடுதான் இருக்கிறாள். அவள் வந்து, "அவன் பேர மட்டும் இழுக்காதடி, குடும்பஸ்தன்" என்றாள். அவனும் அதையே கேட்டான். அதனால்தான் பதினோராம் தேதி, பட்டனைச் செய்தது யாரென்று தெரியாது என்றும், அந்த நிறுவனத்தில் எனக்கு யாரையும் தெரியாது என்றும் சொல்லிக் கையெழுத்திட்டேன். நான் சொன்ன பொய் இதுதான். அன்று வீட்டுக்குப் போகும்போது நிம்மதியாகத்தான் போனேன்.

நேற்று முன்தினம் இங்கே என்னை அழைத்து, நிறுவனம் அனுப்பிய பதில் கடிதத்தைக் காட்டினார்கள். மறுக்கும் பட்டன் முதல் நாளிலிருந்தே சரியாக வேலை செய்கிறது என்றும், இப்போதும் சோதித்துப் பார்க்கலாம் என்றும், புகார்தாரர் ஏற்கிறேன் என்பதை அழுத்திவிட்டு, வயதின் காரணமாகவும் பழக்கக்குறைவின் காரணமாகவும் மறுத்ததாக நினைத்துக்கொண்டிருக்கிறார் என்றும் அதில் இருந்தது. தளத்தை உருவாக்கியவர் அதற்குச் சான்று கொடுத்துக் கையெழுத்திட்டிருந்தார். பெயரை நான் படிக்கவில்லை. அந்த வாலைப் பார்த்தாலே போதும். தேதியைப் பார்த்தேன், நான் அவனைக் காப்பாற்றிய நாளிலிருந்து நாலாவது நாள்.

காது போனதை டாக்டர் சொன்னார், தாங்கிக்கொண்டேன். வேலை போனது, அதையும் தாங்கிக்கொண்டேன். எந்தப் பட்டனை அழுத்துகிறோம் என்று தெரியாதவள் என்று என்னைப் பற்றி எழுதி அவன் கையெழுத்திட்டதைத் தாங்க முடியவில்லை. பட்டனை அழுத்திப் பார்ப்பதுதான் என் தொழில் என்பது அவனைவிட வேறு யாருக்குத் தெரியும்?

நேற்று முழுவதும் அவன் என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். போனை எடுக்கவில்லை. இன்று காலை அம்மா வந்து வாசலில் நின்றாள், உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

மேற்படி தளத்தின் மறுக்கும் பட்டனை வேலை செய்யாதபடி ஆக்கியவரும், பிறகு ரகசியமாகச் சரிசெய்தவரும், அது எப்போதும் சரியாகவே இருந்தது என்று சான்று கொடுத்தவரும் ஒருவரே. அவர் என் உடன்பிறந்த தம்பி. பட்டனைச் சரிசெய்ததாக அவன் அனுப்பிய செய்தியை என் போனிலிருந்து அதிகாரியின் முன்னிலையில் எடுத்துக் காட்டி, அச்செடுத்து இத்துடன் இணைத்திருக்கிறேன். அவன் மனம் வருந்தி எழுதியது அது ஒன்றுதான், அதையே சாட்சியாகக் கொடுக்க வேண்டியதாகிவிட்டது.

முதல் வாக்குமூலத்தில் பொய் சொன்னதற்காக என் மீதும் நடவடிக்கை வரலாம் என்று அதிகாரி எடுத்துச் சொன்னார். புரிந்தது என்றேன். யாராவது வற்புறுத்தி வந்தீர்களா என்று கேட்டார். வற்புறுத்தியவர்கள் எல்லாரும் வராதே என்றுதான் வற்புறுத்தினார்கள் என்றேன்.

எழுதியதை வாசித்துக் காட்டுவது வழக்கம் என்று அதிகாரி சொன்னார். இந்த அறையின் விசிறிச் சத்தத்தில் இடது பக்கமிருந்து அவர் பேசுவது எனக்குச் சரியாக விழவில்லை என்பதால், தாள்களை வாங்கி ஒரு வரி விடாமல் நானே படித்தேன். நான் சொன்னது சொன்னபடி இருக்கிறது, கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. இந்த விவகாரத்தில் ஏற்கிறேன் என்று நான் சொல்வது இதுவே முதல் தடவை. மேலே உள்ள அனைத்தும் உண்மை என்று ஏற்கிறேன்.

(ஒப்பம்)
புகார்தாரர்

என் முன்னிலையில் பதிவு செய்யப்பட்டது.
(ஒப்பம்)
விசாரணை அதிகாரி