இரண்டு தெரு தள்ளி

டாக்டர் ஐயா, நான் பார்த்த காத்திருக்கும் அறைகளிலேயே முதுகு சாய்க்கத் தோதான நாற்காலி உங்கள் இடத்தில்தான் இருக்கிறது. மூட்டை தூக்கிய முதுகு சொல்கிறது, நம்பலாம். 'இரண்டு வருஷமாக எங்கே போயிருந்தீர்கள்?' என்று கேட்டீர்கள். அண்ணி எதிரில் வாய் வரவில்லை. எழுதித் தருகிறேன்.

ஐம்பத்திரண்டு வயதில்தான் எழுத்துக் கற்றேன். "கழுதைக்கு எதுக்குடா கண்ணாடி?" என்றார் அண்ணன். அவர் கிடங்கில் மேற்பார்வை. நான் அதே கிடங்கில் சுமை. நாற்பது வருஷத்தில் அவர் என்னிடம் கேட்ட ஒரே கேள்வி, "இன்னும் எத்தனை மூட்டைடா?"

பிறகு அவருக்குக் கால் தடுமாறியது. தம்ளர் நழுவியது. எழுத்து இரண்டிரண்டாகத் தெரிந்தது. பக்கத்து டாக்டர், "லட்சத்துல ஒருத்தருக்கு வர்ற நரம்பு நோய். இதுக்குன்னு ஒரே டாக்டர்தான். சீக்கிரம் போங்க, விட்டா நடையும் பேச்சும் போயிடும்" என்று உங்கள் பெயரைச் சீட்டில் எழுதினார். அண்ணி படிக்காதவர். சீட்டு என் சட்டைப் பைக்கு வந்தது.

தேடிப் போனோம். அண்ணன் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "அந்தப் பலகையில என்ன போட்டிருக்கு, படிடா" என்றார். படித்தேன். "அடேங்கப்பா, தண்ணி மாதிரி படிக்கிறியே" என்றார்.

இரண்டாம் நாளே உங்கள் பலகை வந்துவிட்டது. சீட்டோடு வைத்துப் புள்ளி விடாமல் ஒத்துப் பார்த்தேன். சரியாக இருந்தது.

"இவர் குழந்தைங்க டாக்டர், அண்ணே" என்றேன்.

யோசித்துத்தான் சொன்னேன். உள்ளே போனால் தேடல் முடிந்துவிடும். மறுநாள் நான் பழையபடி கழுதை.

நீங்கள் கிடைக்கிறவரை சும்மா இருப்பானேன் என்று காது டாக்டர், தோல் டாக்டர், பல் டாக்டர் என்று கூட்டிப்போனேன். 'எந்தப் பல் ஆடுகிறது?' என்று கேட்டார் பல் டாக்டர். ஆளே ஆடும்போது பல்லைத் தனியாக எப்படிச் சொல்வது? ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு வந்தோம். "தம்பின்னா இப்படி இருக்கணும்" என்று தெரு மெச்சியது. வீட்டில் முதல் தட்டு எனக்கு வந்தது.

போன வாரம் பலகைகள் தீர்ந்துபோய் மாட்டு டாக்டரிடம் போனோம். அன்று பார்த்து அண்ணியும் வந்திருந்தார்.

"இங்க ஆடு எதுக்குத் தம்பி?"

"அதுக்கும் நரம்பு இருக்குல்ல, அண்ணி."

மாட்டு டாக்டர் நல்ல மனிதர். அண்ணன் நடந்து வந்ததை ஒரு பார்வை பார்த்தார். "இவரை ஏன்யா இங்க இழுத்துட்டு வந்தீங்க? இதுக்கான டாக்டர் ரெண்டு தெரு தள்ளித்தானே இருக்காரு" என்று உங்கள் பெயரைச் சத்தமாகச் சொன்னார். அண்ணி என்னைப் பார்த்தார்.

"பலகை புதுசா மாட்டியிருப்பாங்க, அண்ணி" என்றேன்.

இரண்டு வருஷம் முன்பே வந்திருந்தால் இந்த நடையைக் காப்பாற்றியிருக்கலாம் என்றீர்கள். இருக்கலாம். தெரிந்தே செய்தவன் நான்தான். ஆனால் அண்ணனுக்கு அதில் வருத்தமில்லை. பேச்சுக் குழறிப்போனதால் அவர் சொல்வது யாருக்கும் விளங்குவதில்லை. நான்தான் எல்லாருக்கும் எடுத்துச் சொல்கிறேன். நேற்று இதையெல்லாம் அவர் காதில் சொன்னேன். வெகுநேரம் என்னவோ பேசினார். கையை ஓங்கக்கூடப் பார்த்தார். என்மேல் கோபமே இல்லை என்கிறார்.