அசல் சாமான்

துருவைப் போக்க எலுமிச்சைச் சாறே போதும், இன்ஸ்பெக்டர் ஐயா. கடை மருந்தைப் போட்டால் துருவோடு பெயரும் அழிந்துவிடும். எங்கள் தோட்டத்தில் கிடைத்த ஹெல்மெட், தண்ணீர்க் குப்பி, சிப்பாய்கள் கழுத்தில் மாட்டியிருந்த பெயர்த்தகடு எல்லாவற்றையும் அப்படித்தான் துடைத்து வைத்தேன். நம் குவாடல்கனால் தீவில் கிழங்கு தோண்டப் போனால் யுத்தம்தான் முதலில் கையில் தட்டுப்படும்.

அந்த உலக யுத்தத்தில் இங்கே சண்டை போட்டவர்கள் கிழவர்களாகித் திரும்பி வருவார்கள். அமெரிக்கர் தோளில் தட்டுவார், ஜப்பானியர் குனிந்து வணங்குவார். தகட்டுக்கு உரியவரே வந்தால் சும்மா கொடுத்துவிடுவேன். இந்த பொஸ்கோவின் கொட்டகையில் போலி கிடையாது என்று தலைநகர் ஹொனியாரா வரைக்கும் பேச்சு. அந்தப் பெயரைக் காப்பாற்றத்தான் இவ்வளவும்.

என் தம்பி அலோயிஸ் கெட்டவன் இல்லை. எந்நேரமும் வாயில் பாக்கும் சுண்ணாம்பும். சிரித்தால் பல்லெல்லாம் சிவப்பு. ஒருநாள் ஓர் அமெரிக்கக் கிழவர் செத்துப்போன சிநேகிதனின் தகட்டைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு அழுதார். நான் பார்த்திராத தகடு. அவர் வண்டி ஏறிப் போனதும் தம்பிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

“மீன் டப்பாவ வெட்டிப் பண்ணேன்ணே. பேரை நேத்து அவரே பேச்சுவாக்குல சொன்னாரு. தகரத்தப் பாத்து என்னமா அழுவுறாரு!”

“பணத்தத் திருப்பிக் குடுத்துட்டு வாடா.”

“போண்ணே. உன் யோக்கியதைய அவிச்சுத் தின்ன முடியுமா?”

பக்கத்தில் ஒரு ராணுவ மண்வெட்டி இருந்தது. நாற்பத்திரண்டாம் வருஷத்து அசல். தலையில் ஒரே அடி. பிறகு துடைத்து அதே இடத்தில் வைத்துவிட்டேன். பிடியில் சின்ன விரிசல், அவ்வளவுதான். தம்பியை மேட்டிலிருந்த பழைய பதுங்குகுழியில் புதைத்தேன். மரம் வெட்டும் வேலைக்கு வேறு தீவுக்குப் போயிருக்கிறான் என்று அம்மாவிடம் சொன்னேன். அவள் ஆறு வருஷமாக அவன் பங்கு மீனை எடுத்து வைக்கிறாள். பார்க்கப் பாவமாக இருக்கும்.

இங்கே செத்த தன் கூட்டாளி நிஷியோவின் எலும்பைத் தேடி ஒகுமுரா என்ற ஜப்பானியக் கிழவர் வருஷாவருஷம் வருவார், வெறுங்கையோடு போவார். கடைசித் தடவை, “இனிமே என்னால வர முடியாதுப்பா பொஸ்கோ, டாக்டர் விடமாட்டாரு” என்றார். எனக்கு மனசு கேட்கவில்லை. மேட்டு வழியாகச் சாலை போடப்போகிறார்கள் என்று பேச்சு இருந்தது. அது வேறு விஷயம்.

பதுங்குகுழிக்குக் கூட்டிப் போய்த் தோண்டிக் காட்டினேன். இது நிஷியோ என்று நான் சொல்லவில்லை. “இருக்கலாம்” என்றேன். துணிமணியை முன்பே எடுத்துவிட்டு, ஒரு ஜப்பானியத் தண்ணீர்க் குப்பியைப் போட்டு வைத்திருந்தேன். அதுவும் அசல்.

அவர் மண்டையோட்டை மடியில் வைத்துக்கொண்டு அதிலிருந்த விரிசலைத் தடவினார். “ரொம்ப வலிச்சுதாடா? உன்னத் தனியா விட்டுட்டு ஓடிட்டேனேடா” என்று ஓவென்று அழுதார். எனக்கும் அழுகை வந்துவிட்டது. யுத்தம் பொல்லாதது, ஐயா.

எலும்பைக் கழுவி, அங்கேயே எரித்து, சாம்பலை ஊருக்குக் கொண்டுபோவது அவர்கள் வழக்கம். நான்தான் விறகு அடுக்கினேன். எரிப்பதற்கு முன்னால் அவர் பல்லை மட்டும் பிரஷ்ஷால் திரும்பத் திரும்பத் தேய்த்தார். அதுவும் வழக்கம் போலிருக்கிறது என்று நினைத்தேன். பிறகு நிஷியோவின் தங்கைக்கென்று ஒரு பல்லைப் பிடுங்கிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டார்.

அந்தப் பல்தான் இப்போது உங்கள் மேஜையில் இருக்கிறது. நிஷியோவின் தங்கை அதை ஜப்பானில் ஒரு பல் டாக்டரிடம் காட்டினாராம். ஜப்பான் சிப்பாய்க்கு ஏது இப்படிப் பாக்குக் கறை என்று கேட்டாராம் அவர். எங்கள் ஊரில் எல்லார் பல்லும் சிவப்பு, ஐயா. உங்கள் பல்லும்தான். பல் வேறு நிறத்தில் இருக்கும் என்றே எனக்குத் தோன்றவில்லை.

தம்பியைக் கொன்றேன், எழுதிக்கொள்ளுங்கள். இனி மீன் எடுத்து வைக்க வேண்டாம் என்று அம்மாவிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். ஆனால் ஒகுமுராவை ஏமாற்றினேன் என்று மட்டும் எழுதாதீர்கள். என் தம்பி விற்றது தகரம். நான் கொடுத்தது அசல் எலும்பு.