மரத்தருகே மனிதன்

தலைமை தாங்கும் பெருமதிப்பிற்குரிய ஷிமோகவரா அவர்களே! மலையளந்த கால்களோடு முன்வரிசையில் வீற்றிருக்கும் மூத்தோரே! நாளைய படையலுக்கு அரிசி இடித்த கையோடு வந்தமர்ந்திருக்கும் அன்னையரே! என்னோடு ரம்பம் பிடித்த தோழர்களே! ஊன்றுகோலோடு எழுந்து நிற்கும் இவாவோவின் வணக்கம்.

கோயில் உத்திரங்களுக்குக் கெடு நெருங்கிவிட்டதாம். அதனால் மலையம்மன் நாளான நாளையும் மரம் வெட்டப் போகலாமா என்று வாக்கெடுக்கப் போகிறோம். கை தூக்குமுன் அந்தச் சுவரைப் பாருங்கள். அதிலே தொங்குகிறதே 休 என்ற எழுத்து, அதைப் பாருங்கள்!

ஆறே கோடு. இடப்பக்கம் மனிதன், வலப்பக்கம் மரம். மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன் சீனத்தில் எலும்பிலே கீறப்பட்டு, பின்னர் நம் ஜப்பானுக்கு வந்த எழுத்து. ஓய்வைக் காட்ட அன்று கீறியவன் பாயை வரைந்தானா? படுக்கையை வரைந்தானா? மரத்தை வரைந்தான், அதன் நிழலில் மனிதனை ஒதுங்கவைத்தான். அடடா, என்ன கண் அவனுக்கு! நிறுத்து என்பதும் இதுதான், விடுமுறை என்பதும் இதுதான். பழைய ஏடுகளிலோ நலம், மகிழ்ச்சி என்பதும் இதுதான். என்ன, பின்வரிசையில் சிரிப்பு? "யாரு பேசுறது பாரு!" என்கிறீர்களா? ஆமாம் ஐயா, நான்தான் பேசுகிறேன்!

போன ஆண்டு மலையம்மன் நாள். அவள் தன் மரங்களை எண்ணும் நாள். மலையில் நிற்கும் மனிதனையும் மரமென்று எண்ணிவிடுவாள் என்று நாமெல்லாம் ஊரிலேயே இருக்கும் நாள். நானோ ரம்பத்தைத் தூக்கினேன்.

"ஏங்க, இன்னிக்குமா?" என்றாள் என் மனைவி புசாயே.

"எண்ணினா எண்ணட்டும். ஒரே ஒரு மரம், வெட்டிட்டு வந்துர்றேன்" என்றேன். என்ன திமிர் எனக்கு!

சாய்ந்த தேவதாரு சறுக்கி என் இடக்காலின் மேல் உருண்டது. கத்தினேன், கதறினேன். யார் கேட்பார்? பனி வேறு கொட்டத் தொடங்கியது.

இதே மண்டபத்தில் படையலைப் பங்கு பிரித்திருக்கிறார்கள். என் பங்கு அரிசி உருண்டை மட்டும் எடுப்பாரின்றிக் கிடந்திருக்கிறது. புசாயே அழுதுகொண்டே உண்மையைச் சொல்லிவிட்டாள். எல்லோருக்கும் ஒரே அச்சமாம். இன்று ஏறினால் நம்மையும் எண்ணிவிடுவாளே! அப்போது எழுந்தார் நம் குரமோச்சி.

"நம்மளையும் சேர்த்தே எண்ணிக்கட்டும்யா! அந்தத் தடிப்பயல அங்கயே விட்டுட்டு எனக்குச் சோறு இறங்குமா? கிளம்புங்கடா!"

பதினான்கு பேர் ஏறினார்கள். அஞ்சினார்கள், ஆனாலும் ஏறினார்கள்! மரத்தைப் புரட்டி, என்னை இழுத்து, நின்றிருந்த இன்னொரு தேவதாருவில் சாய்த்து உட்கார வைத்தார்கள். எனக்கு மூச்சு திரும்பியது. ஒரு மரம், அதனருகே ஒரு மனிதன். ஐம்பது ஆண்டுகளாக இந்தச் சுவரில் பார்த்த எழுத்து எனக்கு அன்றுதான் புரிந்தது.

தோழர்களே, உத்திரம் காத்திருக்கும், கோயில் காத்திருக்கும். நசுங்கிய கால் காத்திருக்குமா? இன்னொருவனுக்காக அந்தப் பதினான்கு பேரை மறுபடி அந்தப் பனியில் ஏற்றலாமா? கூடாது என்போர் கை தூக்குங்கள்! இதோ, என் கை முதலில்!

அட, குரமோச்சி, ரெண்டு கையையும் தூக்காதய்யா, எண்ணிக்கை தப்பிடும்!

தலைவர் அவர்களே, எண்ணிக்கொள்ளுங்கள். நாளை எங்களில் ஒருவரையும் அவள் மரமாக எண்ண வேண்டாம். இன்று நீங்கள் மனிதராக எண்ணுங்கள். கேட்டுக்கொண்டிருந்த அனைவருக்கும் நன்றி. நாளை ஊரிலேயே நலமாக ஓய்ந்திருங்கள். வணக்கம்!