குழாய்க்குள் போன ஸ்வெட்டர்

சென்ட் லோரன்ட் பகுதிக்குப் போகும் காலை பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பேர் இருந்தார்கள், தொழிற்சாலை உடுப்போடு. வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. இளையவர் திடீரென்று சொன்னார்:

"அந்தக் குழாய்க்குள்ள ஸ்வெட்டரை அடைச்சது நான்தான் அண்ணை."

"எந்தக் குழாய்?"

"வீட்டைச் சூடாக்கிற புது காஸ் பொயிலரின்ர. வெளிச்சுவரில ரெண்டு குழாய் நீட்டிக்கொண்டு நிக்குமெல்லே. ஒண்டு புகையைத் தள்ளும். மற்றது குளிர்காத்தை உள்ளுக்கு இழுத்துது. வீட்டுக்குள்ள குளிர் போகுதெண்டு நினைச்சு அடைச்சுப்போட்டன்."

"உமக்கென்ன விசரே? எரியிறதுக்குக் காத்து வேணுமெல்லே!"

"நேற்றுத்தான் போனில தேடிப் பாத்து அறிஞ்சன். அதுக்குள்ள பொயிலர் நிண்டு, ரெண்டு நாள் வீடு விறைச்சுப் போச்சு. பொயிலரைப் பூட்டித் தந்தது என்ர மனிசியின்ர தம்பி. 'உனக்கு வேலை தெரியாது, இனி என்ர வாசலுக்கு வராதை' எண்டு மனிசி அவனுக்குப் போனில கத்திப்போட்டா. அவன் அழுத சத்தம் எனக்கும் கேட்டுது."

"நீர் பக்கத்தில நிண்டனீரோ?"

"ஓம். தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு."

மூத்தவர் அவர் பக்கம் திரும்பினார்.

"சரி, போய் ஸ்வெட்டரை எடும். பொயிலர் எரிஞ்சா பெடியன்ர பேர் தப்பும்."

"நேற்றே எடுத்திட்டன் அண்ணை. கையோட வேற மெக்கானிக் வந்திட்டான். ஒரு பட்டனை அமத்தினான், எரிஞ்சுது. 'இவனெல்லோ வேலை தெரிஞ்சவன்' எண்டு மனிசி வடை சுட்டுக் குடுத்தவ."

"நீர் அப்பவும் வாய் திறக்கேல்லையோ?"

"திறந்தனான் அண்ணை. எனக்கும் ரெண்டு வடை தந்தவ."