லுவெல்லாவின் பெயருக்கு நேரே எரிந்த பச்சை விளக்கு

வெர்னன் ஸ்டாவ்பர், வயது 61, த/பெ எல்மர், ரெட் எல்ம் ஊர், டன்மோர் கவுண்டி, கால்நடைத் தீவனக் கடை உரிமையாளர், மாநிலச் சட்டமன்ற உறுப்பினர் என்பவர், ஷெரிப் அலுவலகத்துக்குத் தானே வந்து டெபுடி ஹால்வர்சன் முன்னிலையில் கொடுத்த வாக்குமூலம்.

நான் மேற்படி விலாசத்தில் மனைவியுடன் குடியிருந்து வருகிறேன். ஆறு தேர்தலில் ஜெயித்தவன். சட்டமன்றத்தில் எனக்குப் பக்கத்து நாற்காலி லுவெல்லா பிக்கன்ஸ் அம்மாவுடையது. ஒரே கட்சி, எனக்கு அடுத்த கவுண்டித் தொகுதி. மேசையில் ஆளுக்கு இரண்டு பொத்தான், பச்சை என்றால் ஆதரவு, சிவப்பு என்றால் எதிர்ப்பு. ஒருவர் காபி குடிக்கப் போனால் பக்கத்தில் இருப்பவர் அவருக்கும் சேர்த்து அமுக்கிவிடுவது வழக்கம். விதிப்படி கூடாது, ஆனால் எல்லோரும் செய்வோம். எதை அமுக்குவது என்பதில் குழப்பமே கிடையாது, முன்வரிசையில் நிற்கும் கட்சிக் கொறடா கட்டைவிரலை உயர்த்தினால் பச்சை, தாழ்த்தினால் சிவப்பு.

சென்ற ஆண்டு சிற்றூர் ஆஸ்பத்திரிகளில் பிரசவ வார்டை மூடும் மசோதா வந்தது. லுவெல்லாவின் ஊர் வார்டும் அதில் அடக்கம். வாக்கெடுப்புக்குச் சற்று முன் அந்த ஊர் நர்சுகள் வராந்தாவில் வந்து நின்றதால் அவர் எழுந்து, "வெர்னன், அதுங்ககிட்ட ரெண்டு வார்த்தை பேசிட்டு வந்துடறேன். மணி அடிச்சுட்டா எனக்குச் சிவப்பு. மறந்து தொலைச்சிடாதப்பா" என்று சொல்லிவிட்டுப் போனார். அதன் பிறகு மணி அடித்து, கொறடா கட்டைவிரலை உயர்த்தி, நான் என் பச்சையை அமுக்கிய கையோடு லுவெல்லாவின் பச்சையையும் அமுக்கிவிட்டேன். அது கைப்பழக்கம். ஆனால் சுவர்ப் பலகையில் அவர் பெயருக்கு நேரே பச்சை எரிந்ததை நான் பார்த்தேன். மாற்ற நேரம் இருந்தது. கொறடா என் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார், எனக்குப் பயம், கையை மடியில் வைத்துக்கொண்டேன். மசோதா ஒரே ஓட்டு வித்தியாசத்தில் நிறைவேறியது.

அதன் பிறகு திரும்பி வந்த லுவெல்லா பலகையைப் பார்த்துவிட்டு, "என்ன காரியம்யா பண்ணி வச்சிருக்க?" என்றார். வெளியே தெரிந்தால் என் பதவி போய்விடும், தேர்தல் முடியட்டும், நானே சொல்லிவிடுகிறேன் என்று கெஞ்சினேன். என்னை நம்பி வாயை மூடிக்கொண்டார். அந்தத் தேர்தலில் அவர் ஊர்க்காரர்களே அவரைத் தோற்கடித்தார்கள். நான் ஜெயித்தேன், சொல்லவில்லை. நான் வெட்கங்கெட்டவன், இதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

அதன் பிறகு வார்டு மூடப்பட்டது. போன மாதம் அந்த ஊரில் பால் லாரி ஓட்டும் ட்ராவிஸ் ஆம்ஸ்லரின் மனைவிக்கு வலி கண்டு, நகரத்துக்குப் போகும் வழியில் வண்டியிலேயே குழந்தை பிறந்து இறந்துவிட்டது. கடந்த ஞாயிறு சர்ச் விட்டதும் ட்ராவிஸ் லுவெல்லா வீட்டு ஜன்னலில் கல்லெறிந்தான், அது அவர் நெற்றியில் பட்டது. அதற்காகத்தான் நீங்கள் அவனைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள்.

சேதி கேட்டு, மறுநாள் என் மனைவி அடுப்பில் சுட்டுக் கொடுத்தனுப்பிய உருளைக்கிழங்குக் கேசரோலுடன் போனேன். லுவெல்லா தையல் போட்ட நெற்றியோடு கண்ணாடித் துண்டுகளைக் கூட்டிக்கொண்டிருந்தார், நானும் சேர்ந்துகொண்டேன். அப்போது ட்ராவிஸின் மனைவி வாசலில் வந்து நின்று, "அந்தப் பொத்தானை அமுக்க உங்களுக்கு எப்படிம்மா மனசு வந்துச்சு?" என்று அவரிடம் கேட்டாள். லுவெல்லா என் பக்கம் திரும்பக்கூட இல்லை. "தப்புதான், கண்ணு" என்றார். நான் குனிந்து கண்ணாடி பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

இது யாரும் மிரட்டியோ ஆசை காட்டியோ வாங்கியதல்ல. படித்துக் காட்டக் கேட்டேன், நான் சொன்னபடியே இருக்கிறது. கண்ணாடி பொறுக்கிய வரி வழக்குக்குத் தேவையில்லை, எடுத்துவிடலாமா என்று டெபுடி கேட்டார். இருக்கட்டும் என்றேன்.

(ஒப்பம்) வெர்னன் ஸ்டாவ்பர்